எந்த ஊருக்கு அனுப்புவது?

திருநெல்வேலிச் சீமையில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஊரைக் கேட்பார்கள். "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்ற கேள்வியில் விசாரணையும் உண்டு, உபசாரமும் உண்டு. ஊரைச் சொன்னதும் கேட்டவர் அந்த ஊரில் தமக்குத் தெரிந்த யாரையாவது நினைவுக்குக் கொண்டு வருவார். "அங்கே ரைஸ்மில் வைத்திருக்கிறாரே..." என்று ஆரம்பிப்பார். பத்து நிமிஷத்தில் ஏதாவது ஒரு தொடர்பு கிளைத்து விடும். இந்தக் கேள்விக்குள் சாதியைத் தேடும் கண் ஒளிந்திருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு, அதையும் மறுப்பதற்கில்லை. ஆனாலும் நான் கவனித்த வரையில் அதன் அடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது: உனக்கு ஒன்று நேர்ந்தால் நாங்கள் யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத மனிதர்கள் இருக்கிறார்கள். சித்தம் கலங்கி, வீட்டை விட்டுக் கிளம்பி, எந்த ரயிலில் ஏறினோம் என்பதே தெரியாமல் மொழி புரியாத ஊரில் இறங்கி விடுகிறவர்கள். அவர்களை என்ன செய்வது என்று கேட்டால், போலீஸ்காரரும் ஆஸ்பத்திரிக்காரரும் தெருவில் போகிறவரும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "அவரவர் மாநிலத்துக்கு அனுப்பி விட வேண்டியதுதான். அங்கே பார்த்துக் கொள்வார்கள்." கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த நியாயம் எதுவரை நடக்கும், எங்கே நொண்டும் என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

சங்கரன்கோவிலை வைத்து யோசிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய மனிதர்கள் சங்கரநயினார் கோவில் என்று சொல்லுகிற இந்த ஊர், 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. ஆடித் தபசுக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடுவதை எல்லாரும் அறிவார்கள். வெளியூர்க்காரர் பலருக்குத் தெரியாதது, கோமதி அம்பாள் சன்னிதிக்கு முன்னால் ஸ்ரீசக்கரம் பதித்த ஒரு குழி இருக்கிறது என்பது. மனம் பேதலித்தவர்களை அதில் உட்கார வைத்தால் தெளியும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, கொஞ்சம் வாயிலும் போட்டு, மகனையோ மகளையோ அங்கே உட்கார வைத்துவிட்டுத் தூணோரம் நிற்கிற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். குழியில் உட்கார்ந்தால் பைத்தியம் தெளியும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரையை இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கோவில் ஒன்றில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். மருந்து ஒன்றும் கொடுக்காமலே, சில வாரங்களில் நோயின் கடுமை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சாமி குணப்படுத்தியது என்று அவர்கள் எழுதவில்லை. விரட்டாத ஓர் இடம் கிடைத்ததே நன்மை செய்திருக்கலாம் என்ற மாதிரி எழுதினார்கள். எனக்கு அது போதும். அம்பாளின் சன்னிதியில் உட்கார வைக்கப்பட்டவனிடம், "நீ எந்த மாநிலம்?" என்று யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கோவிலுக்குள் கேட்பதில்லை; வெளியே கேட்பார்கள். தேரடிப் பக்கம், பஸ் ஸ்டாண்டு, ரயிலடி என்று எப்போதும் நாலைந்து பேர் அழுக்கு மூட்டையோடு திரிந்து கொண்டிருப்பார்கள். எங்கோ வடக்கிலிருந்து லாரியில் ஏற்றி வந்து ராத்திரியில் இறக்கி விட்டுப் போகிறார்கள் என்று கடைத்தெருவில் பேச்சு. இதே பேச்சைத் தமிழ்நாட்டில் வேறு பல ஊர்களிலும் கேட்டிருக்கிறேன். லாரியைப் பார்த்தேன் என்று சொல்கிறவரை மட்டும் இன்னும் சந்திக்கவில்லை.

அப்படித் திரிந்தவர்களில் ஒருவரை எனக்குச் சில மாதங்கள் பழக்கம் என்று சொல்லலாம். பழக்கம் என்றால், நான் டீ குடிக்கிற கடையின் வாசலில் அவரும் டீ குடிப்பார். காசு வாங்குவதில்லை கடைக்காரர். "எந்த ஊருன்னு கேட்டா சிரிக்கான் அண்ணாச்சி. நாம பேசுதது அவனுக்கு வெளங்கல, அவன் பேசுதது நமக்கு வெளங்கல" என்பார். ஊரார் அவருக்கு இந்திக்காரர் என்று பெயர் வைத்திருந்தார்கள். நாள் முழுவதும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக் கொண்டிருப்பார். மந்திரம் ஜெபிக்கிறார் என்றார் ஒருவர். பெண்டாட்டியைத் திட்டுகிறார் என்றார் இன்னொருவர். ஒருநாள் கட்டட வேலைக்கு வந்திருந்த ஒடிசாப் பையன் ஒருவன் டீ வாங்க வந்தான், நின்று கேட்டான், கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய்க் குந்தினான். இந்திக்காரர் பேசியது இந்தியே இல்லை, ஒடியா. அவர் சொல்லிக் கொண்டிருந்தது, "கால் வலிக்கிறது, கால் வலிக்கிறது" என்பதுதான். முழங்காலுக்குக் கீழே சுற்றியிருந்த துணியை அவிழ்த்த போது எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கியது.

அன்றிலிருந்து, 'சொந்த மாநிலத்துக்கு அனுப்பு' என்று சொல்கிறவர்களின் கட்சியை நான் லேசாக எண்ணுவதில்லை. எலும்பு முறிந்தவனுக்கு மொழி தேவையில்லை, எக்ஸ்ரே பேசும். மனநோய்க்கு எக்ஸ்ரே கிடையாது. டாக்டர் கேட்கிற கேள்வியும் நோயாளி சொல்கிற பதிலுமே அங்கே பரிசோதனை. காதில் யாராவது பேசுவது போல் இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, உயிரோடு இருக்கப் பிடிக்கிறதா என்பதையெல்லாம் கையை ஆட்டிக் காட்டிக் கேட்க முடியுமா? அசாமில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு தமிழர் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். அவர் முழுக்கத் தெளிந்து விட்டாலும் அங்கே அவர் பேச்சு பிதற்றலாகத்தான் கேட்கும். தாய்மொழி கேட்கிற இடத்துக்கு, தெரிந்த சோறும் தெரிந்த வசவும் கிடைக்கிற இடத்துக்கு அவரைக் கொண்டு சேர்ப்பது சிகிச்சையில் பாதி.

இவ்வளவும் சரி. ஆனால், 'அவர் நலத்துக்காக' என்று சொல்லி அனுப்பியவர்களின் சரித்திரத்தைப் புரட்டினால் மனம் கசந்து போகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் முதலில் இதைச் செய்தார்கள். இந்தியாவில் புத்தி கலங்கிய வெள்ளைக்காரர்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்புவார்கள். லண்டனில் ஹாக்னியில் பெம்புரோக் ஹவுஸ் என்ற விடுதி 1818 முதல் 1870 வரை இவர்களுக்காகவே நடந்தது. பிறகு ஈலிங்கில் ஓர் ஆஸ்பத்திரி, அது 1892 வரை. சொந்த நாட்டுக் குளிர் உடம்புக்கு நல்லது என்று காரணம் சொன்னார்கள். ஆளுகிற ஜாதியில் ஒருவன் கந்தலோடு தெருவில் திரிவதைக் கறுப்பர்கள் பார்த்துவிடக் கூடாது என்ற கவலைதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சென்னையில் 1794-லேயே மனநோயாளிகளுக்கு விடுதி உண்டு. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் மூலம் அதுதான். இங்கே இடம் இல்லாமல் யாரும் கப்பலேறவில்லை.

தேசப் பிரிவினைக்குப் பிறகு, 1950-ல், இரண்டு சர்க்கார்களும் பைத்தியங்களைப் பங்கு போட்டுக் கொண்டன. லாகூர் ஆஸ்பத்திரியில் இருந்த நூற்றுக்கணக்கான இந்துக்களும் சீக்கியர்களும் அமிருதசரஸுக்கு வந்தார்கள். இங்கிருந்த முஸ்லிம் நோயாளிகள் அங்கே போனார்கள். மண்டோவின் 'தோபா தேக் சிங்' கதை இதிலிருந்து பிறந்தது. கதையில் வரும் கிழவன், தன் கிராமம் எந்த நாட்டில் இருக்கிறது என்று எல்லாரையும் கேட்டுக் கொண்டே இருப்பான். பைத்தியத்தின் கேள்வி என்று அதைத் தள்ளிவிட முடியவில்லை.

பழைய கதை என்று ஆறுதல் கொள்வதற்கும் இல்லை. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்து மனநல ஆஸ்பத்திரி ஒன்று, ஐந்து வருஷங்களில் ஏறக்குறைய 1,500 நோயாளிகளைக் கிரேஹவுண்டு பஸ்ஸில் ஏற்றி வெளி மாநிலங்களுக்கு அனுப்பியிருந்தது 2013-ல் வெளியே வந்தது. கையில் சில நாள் மருந்து; திரும்பி வரமுடியாத ஒற்றை டிக்கெட். போய் இறங்கிய ஊரில் தெரிந்தவர் எவரும் இல்லாதவர்களும் அவர்களில் உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரம் வழக்குப் போட்டு, 2015-ல் நான்கு லட்சம் டாலர் வாங்கிக் கொண்டு சமாதானமாயிற்று. அதே அமெரிக்காவில் 1950-களின் நடுவிலேயே பல மாநிலங்கள் சேர்ந்து ஒரு நல்ல ஒப்பந்தம் செய்து கொண்டிருந்தன என்பது வேடிக்கை. அதற்கு முன்னால், இத்தனை வருஷம் இங்கே குடியிருந்தால்தான் ஆஸ்பத்திரியில் இடம் என்று விதி. அந்தக் குடியுரிமைக் கணக்கை ஒப்பந்தம் ஒதுக்கி வைத்தது: நோயாளி எந்த மாநிலத்தில் நிற்கிறாரோ அங்கேயே சிகிச்சை, வேறு மாநிலத்துக்கு மாற்றுவதானால் அது அவர் குணமடைய உதவ வேண்டும். விதி நன்றாகத்தான் இருந்தது. பஸ் டிக்கெட் மலிவாக இருந்தது.

மாநிலம் என்பதே எவ்வளவு நிலையற்ற அடையாளம் என்பதற்கு நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். சங்கரன்கோவிலிலிருந்து செங்கோட்டைக்குப் போனால் போதும். 1956 நவம்பர் 1-ந் தேதி வரையில் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. அந்த வருஷம் அக்டோபரில் செங்கோட்டைக்காரர் ஒருவர் திருவனந்தபுரம் ஊளம்பாறை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால், அவர் சொந்த ராஜ்யத்தின் பிரஜை. நவம்பர் முதல் தேதி காலையில் கஞ்சி குடிக்கும்போது வெளி மாநிலத்து நோயாளி. கட்டிலும் அதேதான், டாக்டரும் அவரேதான், காதில் கேட்ட குரல்களும் மாறியிருக்காது. எல்லைக் கோடுகள் அரசாங்கத்துக்கு வேண்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் செலவு யார் தலையில் விழுவது என்ற கணக்கை, 'சொந்த மண்' என்ற இனிமையான சொல்லில் சுற்றிக் கொடுக்கும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் நாட்டுச் சட்டம் இப்போது என்ன சொல்கிறது? 2017-ல் இயற்றி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் நல்ல மனத்தோடு எழுதப்பட்ட சட்டம். தெருவில் திரிகிற நோயாளியைப் போலீஸார் லாக்கப்பில் அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். குடும்பத்தைத் தேட வேண்டும். சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாமல் சேர்க்கப்பட்டவரை வேறு மாநிலத்துக்கு மாற்ற வேண்டுமானால் மத்திய ஆணையத்தின் இசைவு வேண்டும். மாற்றுகிற காரணத்தை நோயாளிக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் தெரிவிக்க வேண்டும். 'தெரிவிக்க வேண்டும்' என்ற இடத்தில் நான் நின்று விட்டேன். எந்த மொழியில்? அதுவும் போகட்டும், காரணத்தைத் தெரிவிப்பது வேறு, விருப்பத்தைக் கேட்பது வேறு. நம் வீட்டுப் பாட்டியைத் தம்பி வீட்டில் கொண்டு விடுவதானாலும், "போறியா பாட்டி?" என்று ஒரு வார்த்தை கேட்கிறோம். போக மாட்டேன் என்று அவள் சொன்னால் சங்கடப்படவாவது செய்கிறோம்.

கேட்டால் என்ன பதில் வரும் என்பதிலும் சிக்கல் இருக்கிறது. தேரடியில் கண்ட அந்த ஒடிசா மனிதர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். கால் புண் ஆறியது; மனப்புண்ணுக்கும் மருந்து பிடித்தது. ஆறேழு வாரத்தில் ஜில்லாவின் பெயர் வந்தது, பிறகு கிராமத்தின் பெயர், பிறகு அண்ணனின் பெயர். கட்டட வேலைப் பையன்தான் டெலிபோனில் அண்ணனோடு பேசினான். அண்ணன் அழுதாராம். அழுது முடித்துவிட்டு, "அவன் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் பழையபடி ஆகிவிட்டால்?" என்று கேட்டாராம்.

இந்த 'ஆனால்' என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணனைக் கல்நெஞ்சன் என்று திட்டுவது சுலபம். அவர் கேட்ட மற்ற கேள்விகளையும் கேளுங்கள். மருந்து மாதம் எவ்வளவு ஆகும்? எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போகுமே? ராத்திரியில் கிளம்பி ஓடினால் யார் பிடிப்பது? இவையெல்லாம் அன்பில்லாதவன் கேட்கிற கேள்விகள் அல்ல. ஒருமுறை அனுபவித்தவன் கேட்கிற கேள்விகள். அவற்றுக்கு ஆஸ்பத்திரியில் ஒருவரிடமும் பதில் இல்லை. தம்பி போனார், துணைக்கு இரண்டு பேர் போனார்கள், சென்னை வரை ஒரு ரயில், அங்கிருந்து இன்னொன்று. இரண்டு மாத மருந்து கொடுத்தனுப்பியிருந்தார்கள். 'ஒப்படைக்கப்பட்டார்' என்று கையெழுத்து வாங்கி வந்தார்கள். ஒப்படைப்பது என்ற சொல்லைப் பாத்திரத்துக்கும் கைதிக்கும் சாவிக்கும் பயன்படுத்துகிறோம். மூன்றாவது மாதம் என்ன ஆயிற்று என்று கேட்பது இரண்டு மாநிலங்களில் எந்த மாநிலத்தின் உத்தியோகஸ்தர் வேலை? ஒருவருடையதும் அல்ல என்பதால் ஒருவரும் கேட்கவில்லை. பையனும் வேலை முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டான்.

உறவினர் பக்கத்தில் இருந்து விட்டால் எல்லாம் நலம் என்றும் எண்ணி விடக் கூடாது. ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடிவதற்கு முன் தீப்பிடித்த கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள், உறவினர்கள் கொண்டு வந்து விட்டுப் போனவர்கள். 28 பேர் மாண்டார்கள். ஓட முடியாமல் மாண்டார்கள். அந்த மாதமே அத்தகைய விடுதிகளையெல்லாம் மூடி, 500-க்கும் மேற்பட்டவர்களைச் சர்க்கார் தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டது. இனி என்ன என்று பார்த்த போது, வீட்டுக்கு அனுப்புவது என்ற எண்ணந்தான் முதலில் எல்லாருக்கும் வந்தது. எந்த வீடு? சங்கிலிக்கு மாதா மாதம் பணம் கட்டிய வீடா?

பெண்களின் விஷயம் இன்னும் மோசம். புருஷன் வீட்டில் வேறொருத்தி வந்து விட்டிருப்பாள். பிறந்த வீட்டில் அப்பா காலமாகியிருப்பார். வீடு தம்பி பேருக்கு மாறியிருக்கும். தெளிந்து எழுந்த பெண்ணுக்கு ஊரின் பெயர், தெருவின் பெயர், வாசலில் நின்ற வேம்பு எல்லாம் நினைவுக்கு வரும். வாசல் மட்டும் திறக்காது. 2019-ல் நாட்டின் 43 மனநல ஆஸ்பத்திரிகளில் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு வருஷத்துக்கு மேலாக அங்கேயே கிடந்தார்கள். 2021-ல், மகாராஷ்டிரத்தில் தெளிந்தவர்களைப் பிச்சைக்காரர் விடுதிக்கும் முதியோர் விடுதிக்கும் மாற்றிக் கொண்டிருந்ததைச் சுப்ரீம் கோர்ட் கண்டித்து நிறுத்தச் சொல்லியது. கட்டில் காலியாயிற்று என்று கணக்குக் காட்டலாம். கட்டிலில் இருந்தவர் எங்கே போனார் என்பது அந்தக் கணக்கில் வராது.

அப்படியானால் அனுப்பவே கூடாதா? அனுப்பலாம், ஒழுங்காக அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் டாக்டர் பரத் வாட்வானியும் அவர் மனைவியும் 1988-ல் ஆரம்பித்த சிரத்தா என்ற நிறுவனம், தெருவில் திரிகிறவரை எடுத்து வந்து, முதலில் சிகிச்சை செய்து, ஊர் எதுவென்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, கூடவே ஆள் போய் வீட்டில் சேர்க்கிறது. வாட்வானிக்கு 2018-ல் மகசேசே பரிசு கொடுத்தார்கள். வரிசையைக் கவனியுங்கள். சிகிச்சை முதலில், கேள்வி அடுத்து, பிரயாணம் கடைசியில். நம் உத்தியோக வழக்கத்தில் பிரயாணம் முதலில் வந்து விடுகிறது.

போக மாட்டேன் என்கிறவர்கள் மிஞ்சுகிறார்கள். தெளிந்த புத்தியோடு, "எனக்கு அங்கே ஒருவரும் இல்லை, இங்கேயே இருந்து கொள்கிறேன்" என்கிறவர்கள். இவர்களுக்குத்தான் நாம் பதில் சொல்லியாக வேண்டும். கணியன் பூங்குன்றனாரின் வரியை மேடைக்கு மேடை முழங்கிக் கைதட்டு வாங்குகிற ஜனங்கள் நாம். அதைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதிப் பார்க்கும்போது கை தயங்குகிறது. ஏற்க வீடில்லை என்பதற்காக ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கக் கூடாது என்று 2017-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. அப்புறம் எங்கே வைப்பது? சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-ல் ஆரம்பித்த பானியன் நிறுவனம் ஒரு வழி காட்டியிருக்கிறது. சாதாரணத் தெருவில் சாதாரண வீட்டை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேரைச் சேர்ந்து குடியிருக்கச் செய்கிறார்கள். சமையலும் சண்டையும் அவர்களுடையதே. உதவிக்கு ஓர் ஆள் உண்டு. அங்கே இருப்பவர் எந்த மாநிலமாக இருந்தால் என்ன?

இப்படி ஒரு வீடு சங்கரன்கோவிலில் கிடைக்குமா என்று உள்ளூர் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். மனசு உள்ளவர், கோவில் காரியங்களில் முன்னால் நிற்பவர். தாராளமாகக் கிடைக்கும் என்றார். தறிக்காரர்கள் குடியிருக்கும் இரண்டு தெருக்களின் பெயரைச் சொன்னார். அட்வான்ஸ் எவ்வளவு ஆகும் என்பதையும் உத்தேசமாகச் சொன்னார். புறப்படும்போது என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய், "யாருக்கு வீடுன்னு மட்டும் மொதல்லயே சொல்லிராதீங்க" என்றார்.